இரண்டாம் ஆண்டு மாணவர்களைத் திறந்த மூலத் திட்டங்களில் இறக்கிவிடலாமா?

மாலை_வகுப்பு (கோலாலம்பூர்)

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் மென்பொருள் பொறியியல் பாடம் எடுக்கிறேன். வரும் செமஸ்டரில் இரண்டாம் ஆண்டுக்கான அசைன்மென்ட்டை மாற்ற நினைக்கிறேன். அதற்கு முன் இங்கே இருக்கும் ஆசிரியர்கள், வேலையில் இருப்பவர்கள், மாணவர்கள் எல்லாரிடமும் யோசனை கேட்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இதுவரை நாங்கள் கொடுத்து வந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நூலக முறைமை, ஹோட்டல் முன்பதிவு, கிளினிக் பதிவு. நான்கு பேர் ஒரு குழு, 14 வாரம், கடைசியில் ஒரு டெமோ. டெமோ நேரத்தில் பட்டன்கள் வேலை செய்தால் போதும். மறுநாள் அந்த நிரலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு, மாறிகளுக்கு ஒழுங்கான பெயர் வைக்கவோ, ஒவ்வொரு மாற்றத்தோடும் குறித்துவைக்கும் கமிட் செய்தியைப் புரியும்படி எழுதவோ, சோதனை எழுதவோ மாணவருக்கு என்ன காரணம் இருக்கிறது? வகுப்பில் நான் எவ்வளவு சொன்னாலும் அது மதிப்பெண்ணுக்கான விதியாகத்தான் அவர்கள் காதில் விழுகிறது.

இன்டர்ன்ஷிப் போனதும் நிலைமை தலைகீழாகிறது. அங்கே காலிக் கோப்பு கிடையாது. பல வருடமாகப் பல பேர் எழுதி, அதில் பாதிப் பேர் வேலையை விட்டே போய்விட்ட நிரல் கையில் வந்து விழுகிறது. காலி மனையில் வீடு கட்ட மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஜார்ஜ்டவுனில் நூறு வருடக் கடைவீட்டின் ஒழுகும் கூரையைச் சரிசெய்ய அனுப்பி வைக்கிறோம்.

அதனால், நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் விட்டிருக்கும், உயிரோடு இருக்கும் ஒரு திறந்த மூலத் திட்டத்துக்குள் மாணவர்களைக் கொண்டுபோகலாம் என்று தோன்றுகிறது. எப்படிப்பட்ட திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, எதற்கு மதிப்பெண் போடுவது என்பதுதான் பிடிபடவில்லை. மாணவர் அனுப்பும் திருத்தத்தை ஏற்பதும் மறுப்பதும் அந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர் கையில் இருக்கிறது. "நம் மாணவரின் மதிப்பெண்ணை எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தீர்மானிப்பதா?" என்று துறைத் தலைவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. படிப்புகளை அங்கீகரிக்கும் எம்.க்யூ.ஏ.வுக்கான கோப்பில் கற்றல் அடைவுகளோடு பொருத்தியும் காட்ட வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாயான்_லெப்பாஸ் (பினாங்கு)

வணக்கம் மேடம். நான் ஆசிரியர் இல்லை, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஃபர்ம்வேர் (சாதனங்களுக்குள் ஓடும் மென்பொருள்) எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களை நேர்காணல் செய்வதும் என் வேலைகளில் ஒன்று. நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. வருகிற பிள்ளைகளுக்குப் புதிதாக எழுதத் தெரிகிறது, இருக்கிறதைப் படிக்கத் தெரிவதில்லை. ஒரு ஃபங்ஷனைக் காட்டி, "இதை வேறு எங்கெல்லாம் கூப்பிடுகிறார்கள், கண்டுபிடி" என்று சொன்னால் சுட்டியை வைத்துக்கொண்டு மேலும் கீழுமாக உருட்டுகிறார்கள். கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடித்தரும் கிரெப் என்று ஒரு கட்டளை இருப்பது சிலருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

என் கருத்து ஒன்றுதான்: பங்களிப்பை இரண்டாவதாக வையுங்கள், படிப்பதை முதலில் வையுங்கள். திறந்த மூலம் என்றாலே புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்புவது என்று ஆகிவிட்டது. வகுப்பறைக்கு அதன் பெரிய கொடை வேறு. உண்மையான நிரலை, அதன் முழு வரலாற்றோடு, யாரிடமும் அனுமதி கேட்காமல் மாணவர் முன் விரித்து வைக்க முடிகிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பழைய கதை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பின் மூல நிரலை அச்சடித்து, வரி வரியாக விளக்கம் எழுதி வகுப்பில் பாடம் நடத்தினார். 1977 வாக்கில் அந்தக் குறிப்புகள் பல்கலைக்கழகங்களில் பரவின. 1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம் உரிமத்தில் சேர்த்துவிட்டது. அதற்கப்புறம் பல வருடம் ஜெராக்ஸ் பிரதிகள்தான் கைமாறின. காட்டுவதற்கு நிரல் இல்லாமல் போனதால்தான் ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம் தானே உட்கார்ந்து மினிக்ஸ் என்ற சின்ன இயங்குதளத்தை எழுதி 1987இல் வெளியிட்டார். அந்த மினிக்ஸை வாங்கித் தன் கணினியில் ஓட்டிப் பார்த்த ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை அறிவித்தார். ஒரு வகுப்பில் நிரலைப் படிக்க விடுவதா வேண்டாமா என்ற கேள்வியிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் பாருங்கள்.

இன்றைக்கு எம்.ஐ.டி. தன் மாணவர்களுக்கென்று எழுதிய எக்ஸ்வி6 என்ற இயங்குதளம், அந்த ஆறாம் பதிப்பையே அடியொற்றியது. 2006இலிருந்து இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. சின்னதாக இருப்பதால் ஒரு செமஸ்டரில் முழுதாகப் படித்து முடிக்கலாம்.

வடக்கு_ஆசிரியர் (பினாங்கு)

நானும் இருபது வருடமாகக் கணினி சொல்லிக்கொடுக்கிறவன். தங்கச்சி, உங்கள் ஆர்வத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் இறங்குவதற்கு முன் சில விஷயங்களை யோசியுங்கள்.

இரண்டாம் ஆண்டில் எனக்கு வரும் மாணவர்களில் பாதிப் பேருக்குப் பாயிண்டர் இன்னும் குழப்பம். அவர்களை லட்சக்கணக்கான வரி உள்ள திட்டத்தில் விட்டால் முதல் மூன்று வாரம் தங்கள் லேப்டாப்பில் அதைப் பில்ட் செய்து ஓடவைக்கவே போய்விடும். ஒருவருக்குப் பைத்தான் பதிப்பு ஒத்துவராது, இன்னொருவருக்கு விண்டோஸில் பாத் தகராறு, மற்றொருவரின் லேப்டாப்பில் நினைவகம் நான்கே ஜிபி. பிடிபிடிஎன் கல்விக் கடனில் படிக்கிற பிள்ளையைப் புது லேப்டாப் வாங்கச் சொல்ல முடியாது. யாருக்கு நல்ல கணினி இருக்கிறதோ அவருக்கு நல்ல மதிப்பெண் என்று ஆகிவிடும்.

அடுத்தது மொழி. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி, தேசிய இடைநிலைப்பள்ளி என்று வந்தவர்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசுவார்கள். ஆனால் முகம் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் இரண்டு பத்தி எழுதச் சொன்னால் கை நடுங்குகிறது. பதிலுக்கு யாராவது கடுமையாக எழுதிவிட்டால் அந்தப் பிள்ளை அப்படியே சுருங்கிப்போகும். லினஸே தான் எழுதிய கடுமையான மடல்களுக்காக 2018இல் மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. 2004இல் மாம்பு என்ற அரசாங்க அமைப்பு பொதுத்துறைக்கென்று திறந்த மூல மென்பொருள் மாஸ்டர் பிளான் கொண்டுவந்தது. ஓ.எஸ்.சி.சி. என்று ஒரு மையமும் வந்தது. அப்போது நாங்களும் உற்சாகமாகத்தான் இருந்தோம். ஆய்வகமெல்லாம் லினக்ஸ் போட்டோம், ஓப்பன்ஆஃபீஸ் சொல்லிக்கொடுத்தோம். பயன்படுத்தக் கற்றுக்கொண்டோமே தவிர, திருத்திக் கொடுக்கிற பழக்கம் நம் கல்லூரிகளில் வேர் பிடிக்கவில்லை. காரணம், அதற்கு ஆசிரியருக்கு நேரம் கொடுக்கவில்லை. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பெடுக்கிறவர் எந்த நேரத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து அவர்கள் நிரலை ரிவ்யூ செய்வார்? உங்கள் துறைத் தலைவரிடம் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

இரவுக்_கமிட் (பட்டர்வொர்த்)

பராமரிப்பாளர் பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் வேலை முடிந்து வந்து இரவில் ஒரு சிறிய பைத்தான் நூலகத்தை (மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது, உடன் இரண்டு பேர், அவ்வளவுதான். எங்களைப் போன்றவர்கள்தான் அந்தப் பக்கம் இருக்கிறோம் என்று மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு முறை எங்கோ ஒரு கல்லூரியிலிருந்து ஒரே வாரத்தில் சரசரவென்று புல் ரிக்வெஸ்ட் வந்து குவிந்தது. எல்லாம் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு கமா, ஒரு ஆச்சரியக்குறி. "இதை இணைத்தால்தான் எனக்கு மார்க், ப்ளீஸ் சார்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. படிக்கவே வேதனையாக இருந்தது. பிள்ளை மீது என்ன தப்பு? இணைப்புக்குத்தான் மதிப்பெண் என்று வகுத்த ஆசிரியர்தான் அந்தக் கோரிக்கையை எழுத வைத்தார்.

2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறந்த மூலப் பங்களிப்பு நிகழ்வில் இதுவேதான் பெரிய அளவில் நடந்தது. நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள். முதல் சில நாளிலேயே பராமரிப்பாளர்கள் மூச்சுத் திணறிப் போனார்கள். உடனே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால் மட்டுமே கணக்கு என்றார்கள். வகுப்புக்கும் அதே விதிதான். முன்கூட்டியே மடல் எழுதி, "இத்தனை மாணவர்கள், இந்த மாதங்களில் வருவார்கள், சம்மதமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மினசோட்டா பல்கலைக்கழகமே உதாரணம். ரிவ்யூவில் பிடிபடுகிறதா என்று பார்க்க, ஆய்வுக்காக வேண்டுமென்றே குறை வைத்த திருத்தங்களை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அனுப்பினார்கள். 2021 ஏப்ரலில் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் திருத்தங்களை இனி ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டார். ஏற்கெனவே அங்கிருந்து வந்தவற்றையும் திரும்ப எடுத்துச் சரிபார்த்தார்கள். ஆய்வில் சம்பந்தமே இல்லாத மாணவர்களும் அந்தப் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி இருந்ததால் பாதிக்கப்பட்டார்கள்.

அப்புறம், எல்லாத் திட்டமும் வெளியார் நிரலை ஏற்பதில்லை. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் மூல நிரல் பொதுச் சொத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியார் அனுப்பும் திருத்தங்களைச் சேர்ப்பதில்லை. இருந்தும் சோதனை எழுதுவது எப்படி என்று காட்ட அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. நிரலைவிடச் சோதனை நிரல் பல நூறு மடங்கு பெரிது. பாயான் லெப்பாஸ் அண்ணன் சொல்வதுபோல் படிக்க மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாலை_வகுப்பு (கோலாலம்பூர்)

எல்லாருக்கும் மிக்க நன்றி. வடக்கு_ஆசிரியர் அண்ணா, நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே துறைக் கூட்டத்தில் வைக்கப் போகிறேன். லேப்டாப் விஷயத்துக்கு ஆய்வகக் கணினிகளில் முன்கூட்டியே எல்லாம் நிறுவி வைக்கலாம் என்று தோன்றுகிறது. பில்ட் செய்வதில் படும் பாட்டை முழுக்க எடுத்துவிடவும் மனம் வரவில்லை. வேலையிடத்தில் அவர்கள் முதலில் படப்போவதும் அதைத்தான்.

அனுப்பிய திருத்தம் இணைந்ததா இல்லையா என்பதற்கு மதிப்பெண் கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன். துறைத் தலைவரின் கேள்விக்கும் அதுவே பதில். மதிப்பெண் போடுவது நான்தான், எங்கள் கையில் இருக்கும் சான்றுகளை வைத்துத்தான்.

ஆனால் எதைப் பார்த்துப் போடுவது? மாணவர்கள் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் எழுதுங்களேன்.

இறுதியாண்டு_குளுகோர் (பினாங்கு)

வணக்கம் மேடம். நான் இறுதியாண்டு மாணவன். எங்களுக்கு இப்படி ஒரு பாடம் இல்லை, ஆனால் எஃப்.ஒய்.பி. (இறுதியாண்டுத் திட்டம்) செய்யும்போது தற்செயலாக மாட்டிக்கொண்டேன். நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

பினாங்கில் உள்ள இடங்களைத் தமிழில் தேடும் சின்ன செயலி செய்தேன். "கொடிமலை" என்று தேடினால் வரவில்லை. பட்டியலில் கண் முன்னால் "கொடிமலை" இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் பைத்தானில் நீளம் கேட்டால் ஒன்று 7 என்கிறது, மற்றது 8 என்கிறது.

பிறகுதான் புரிந்தது. எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் யூனிகோடில் "கொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடு என்று இரண்டாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. தேடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் என்.எஃப்.சி. என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

நான் பயன்படுத்திய தேடல் நூலகத்தில் இந்த மாற்றம் இல்லை. இஷ்யூ (பிழை அறிக்கை) எழுதினேன். முதலில் நான் எழுதியது "தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை" என்ற ஒரே வரிதான். பராமரிப்பாளர் பொறுமையாகக் கேட்டார்: என்ன உள்ளீடு கொடுத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எந்தப் பதிப்பு? அந்த நான்கு கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் பிழையே எனக்குத் தெளிவானது. பிறகு திருத்தம் அனுப்பினேன். உடனே ஏற்கவில்லை. "இந்த மாற்றத்தால் மற்ற மொழிகளுக்குப் பாதிப்பு இல்லை என்று சோதனை எழுதிக் காட்டுங்கள்" என்றார். இந்திக்கும் அரபுக்கும் என்ன ஆகும் என்று தேடிப் படித்தேன். பிறகு நானே யோசித்து, ஔகாரத்தையும் சோதித்தேன். நிறையப் பேர் "கௌரி"யைத் தட்டும்போது ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகர எழுத்தைப் போட்டு "கெளரி" என்று எழுதுகிறார்கள். அதை என்.எஃப்.சி. சரிசெய்யாது, ஏனென்றால் கணினிக்கு அது கெ, ள என்ற இரண்டு முறையான எழுத்து. இதைத் திருத்தத்தில் சேர்க்காமல் தனி இஷ்யூவாகப் போடச் சொன்னார். ஒரு திருத்தத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றேன்.

எதைப் பார்த்து மதிப்பெண் போடலாம் என்று கேட்டீர்கள். அந்த இஷ்யூவின் முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நான் என்ன கற்றேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும் மேடம்.

பாயான்_லெப்பாஸ் (பினாங்கு)

தம்பி, அருமை. இதை அப்படியே உன் ரெஸ்யூமேயில் சுட்டியோடு போடு. நேர்காணலில் நான் இதைப் பற்றி மட்டுமே அரை மணி நேரம் பேசுவேன்.

செந்தூல்_அக்கா (கோலாலம்பூர்)

இறுதியாண்டுத் தம்பி எழுதியதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. பல மென்பொருள்களைச் சோதிப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. நம் மொழியில் வரும் பிழையை நாம் சொன்னால்தான் உண்டு. இங்கே கோலாலம்பூரில் 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது எந்தக் குறியீட்டு முறை, எந்த விசைப்பலகை என்பதே பெரிய விவாதம். இப்போது யூனிகோடு நிலைத்துவிட்டது, ஆனால் சின்னச் சின்ன இடங்களில் தமிழ் இன்னும் உடைகிறது. வரி முறிக்கும் இடத்தில், அகரவரிசைப்படுத்தும் இடத்தில், எழுத்தை எண்ணும் இடத்தில். "பினாங்கு" என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்து, பைத்தானுக்கு எட்டு. முதலாண்டு மாணவர் ஒருவர் எழுத்து எண்ணும் நிரல் எழுதி இதைப் பார்த்தால் யூனிகோடு பாடம் அங்கேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தைத் திறந்து, அவர்கள் எப்படி எழுத்தாகப் பிரிக்கிறார்கள் என்று படிக்கட்டும். நிரல் கைக்கு அடக்கமானது, படித்தால் புரியும்.

நிரல் மட்டும்தான் பங்களிப்பு என்று நினைக்க வேண்டாம் மேடம். ஃபயர்ஃபாக்ஸ் தமிழாக்கம் பொன்டூன் என்ற தளத்தில் நடக்கிறது. லிப்ரேஆஃபீஸுக்கும் தமிழ் உண்டு. ஆவணம் எழுதுவது, பிழையை மறுபடி உண்டாக்கிப் பார்த்து உறுதிசெய்வது, இவையும் வேலைதான். நிரல் எழுதத் தயங்குகிற பிள்ளைகளுக்கு அது நல்ல வாசல். ஆனால் மொழிபெயர்ப்பையும் பொறுப்போடு செய்ய வேண்டும். இயந்திரத்தில் போட்டு எடுத்த வாக்கியங்களைக் கொட்டினால் அந்த மொழிக் குழுவுக்குத் திருத்தும் வேலைதான் கூடும்.

இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். மாணவர்களுக்கு அர்த்தமுள்ள திட்டத்தைக் கொடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் காணாமல் போனவர்களைப் பதிவு செய்யவும், முகாம்களையும் நிவாரணப் பொருளையும் கணக்கில் வைக்கவும் அவசரமாக எழுதிய மென்பொருள்தான் சஹானா. அதைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். பிறகு அமெரிக்காவில் ட்ரினிட்டி கல்லூரி மாணவர்கள் 2006இல் அதில் வேலை செய்யத் தொடங்கினார்கள். மனிதநேயத் திறந்த மூல மென்பொருளைக் கல்லூரிப் பாடமாக்கும் முயற்சி அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்த சுனாமி பினாங்குக் கரையையும் தொட்டது, இங்கேயும் உயிர்கள் போயின. நம் பிள்ளைகளுக்கு அந்த மென்பொருள் எதற்கு என்று விளக்கவே தேவையில்லை.

வடக்கு_ஆசிரியர் (பினாங்கு)

தம்பி எழுதியதைப் படித்த பிறகு என் தயக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பொறுமையான பராமரிப்பாளர் கிடைத்தது அவருடைய நல்ல காலம். எல்லாருக்கும் அப்படி அமையாது என்பதால் ஆசிரியர் இடையில் நிற்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

ஆனால் இப்போதைக்குப் பெரிய கவலை ஏ.ஐ. மாணவர் இஷ்யூவை அப்படியே சாட்பாட்டில் ஒட்டி, வந்ததை எடுத்து அனுப்பினால்? இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பர்க், ஏ.ஐ. எழுதிக்கொடுத்த பொய்யான பாதுகாப்புக் குறை அறிக்கைகள் தங்கள் நேரத்தை எப்படித் தின்கின்றன என்று 2024இலிருந்து வெளிப்படையாக எழுதி வருகிறார். படிக்க அழகாக இருக்கும், உள்ளே இல்லாத ஃபங்ஷனைப் பற்றிப் பேசும். நம் கல்லூரிகளிலிருந்தும் அது போகக் கூடாது.

இரவுக்_கமிட் (பட்டர்வொர்த்)

உண்மை அண்ணா. எங்களுக்கும் வருகிறது. ரிவ்யூவில் "ஏன் இந்த வரியை இங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டால் அந்தக் கேள்வியையும் சாட்பாட்டிடமே கேட்டுப் பதில் அனுப்புகிறார்கள். இரண்டாவது பதிலில் தெரிந்துவிடும்.

ஆசிரியருக்கு எங்களைவிட ஒரு வசதி இருக்கிறது. மாணவரை எதிரே உட்கார வைத்துக் கேட்கலாம். எதையும் வெளியே அனுப்புவதற்கு முன், தான் மாற்றிய ஒவ்வொரு வரியையும் திரையில் காட்டி விளக்க வேண்டும் என்று வையுங்கள். விளக்க முடியாத வரி வெளியே போகக் கூடாது. எங்களுக்கும் நிம்மதி.

பாயான்_லெப்பாஸ் (பினாங்கு)

படிப்பதற்கு என்ன கொடுக்கலாம் என்பதைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் புதியவர்களுக்கு நான் கொடுப்பது ஹார்ட்ப்ளீட் திருத்தம். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014 ஏப்ரலில் வெளிவந்த குறை. ஒரு பக்கம் "உயிரோடு இருக்கிறாயா? நான் அனுப்பும் இந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பு, நீளம் இவ்வளவு" என்று கேட்கும். சொல் இரண்டு எழுத்துதான், ஆனால் நீளம் 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், சர்வர் அதை நம்பித் தன் நினைவகத்திலிருந்து அவ்வளவையும் எடுத்துக் கொடுத்துவிடும். கடவுச்சொல், ரகசியச் சாவி எது அங்கே கிடந்தாலும் போகும். திருத்தத்தின் சாரம், சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஓர் இஃப் நிபந்தனை. அவ்வளவுதான்.

இதை நான் எப்படி நடத்துகிறேன் என்றால், திருத்தத்துக்கு முந்தைய நிரலைக் கொடுத்து, "எங்கே தப்பு?" என்று கேட்பேன். உடனே கண்டுபிடிக்கிறவர்கள் குறைவு. பிறகு ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டு அந்த வரி எப்போது உள்ளே வந்தது என்று பார்க்கச் சொல்வேன். 2011 கடைசியில் வந்திருக்கும். எழுதியவர் அப்போது முனைவர் பட்ட மாணவர். ஒருவர் படித்துப் பார்த்துத்தான் ஏற்றிருக்கிறார். அவர் கண்ணிலும் படவில்லை. இரண்டு வருடத்துக்கும் மேல் உலகமே அதைப் பயன்படுத்தியது. ரிவ்யூ ஏன் வேண்டும், அதுவும் ஏன் போதாது என்று அங்கே யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து எக்ஸ்இசட் என்ற கோப்பு சுருக்கும் மென்பொருள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டி, அதில் ரகசியமாக வைத்திருந்த பின்வாசலைக் கண்டுபிடித்தார். அதை வைத்தவர் வருடக்கணக்கில் நல்ல பங்களிப்பாளராக நடித்து, களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். இரவுக்_கமிட் போன்றவர்கள் எவ்வளவு பெரிய பாரத்தைத் தனியாகத் தூக்குகிறார்கள் என்று மாணவர்கள் புரிந்துகொள்ள இதைவிட என்ன வேண்டும்?

மாலை_வகுப்பு (கோலாலம்பூர்)

உங்கள் எல்லார் கருத்தையும் வைத்து ஒரு திட்டம் எழுதியிருக்கிறேன். கிழித்துப் போட்டாலும் சரி, சொல்லுங்கள்.

முதல் ஐந்து வாரம் வெளியே எதுவும் போகாது. வகுப்பில் எல்லாரும் ஒரே நிரலைப் படிப்போம். இதற்கு மூடிலை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அசைன்மென்ட்டைச் சமர்ப்பிக்கும் எங்கள் தளம் மூடில்தான், இங்கே பல பல்கலைக்கழகங்களிலும் அதுதான். பெர்த்தில் மார்ட்டின் டூகியமாஸ் தொடங்கி 2002இல் முதல் பதிப்பு வந்தது, ஆகவே வரலாறும் நீளமாக இருக்கிறது. "சமர்ப்பி" பட்டனை அழுத்தியதிலிருந்து கோப்பு சேமிக்கப்படும் வரை என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு குழுவும் தடம் பிடித்து எழுத வேண்டும். தினமும் அழுத்துகிற பட்டன், அதனால் ஆர்வம் இருக்கும்.

அதற்கப்புறம் ஹார்ட்ப்ளீட் பாடம் ஒரு வாரம். அதோடு உரிமங்கள்: எம்.ஐ.டி. உரிமம், அப்பாச்சி, ஜி.பி.எல். மூன்றும் எங்கே வேறுபடுகின்றன என்று.

மீதி வாரங்களில் குழுக்கள் சின்னத் திட்டங்களுக்குப் பிரிந்து போகும், முன்கூட்டியே சம்மதம் சொன்ன திட்டங்களுக்கு மட்டும். முதலில் என் வகுப்பு ஃபோர்க்குக்குள் (திட்டத்தின் எங்கள் சொந்தப் பிரதி) புல் ரிக்வெஸ்ட். இன்னொரு குழு ரிவ்யூ செய்யும். இரவுக்_கமிட் சொன்னபடி எதிரே உட்கார்ந்து விளக்கிய பிறகே வெளியே போகும். போகாவிட்டாலும் மதிப்பெண் குறையாது. மதிப்பெண், தடம் பிடித்த அறிக்கைக்கு, இஷ்யூவின் முதல், கடைசி வடிவங்களுக்கு, மற்ற குழுவுக்கு எழுதிய ரிவ்யூவுக்கு, வாய்மொழி விளக்கத்துக்கு.

இரவுக்_கமிட் (பட்டர்வொர்த்)

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். வெளியே அனுப்புவதைக் கடைசி இரண்டு வாரத்தில் வைக்காதீர்கள். எங்களுக்குப் பதில் சொல்லவே இரண்டு, மூன்று வாரம் ஆகும். செமஸ்டர் முடிந்த பிறகு "இதை மாற்றுங்கள்" என்று நாங்கள் கேட்டால் மாணவர் விடுமுறைக்குப் போயிருப்பார். புல் ரிக்வெஸ்ட் அநாதையாகக் கிடக்கும். ஒன்பதாம் வாரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். செமஸ்டர் முடிந்ததும் யார் பதில் சொல்வார் என்றும் குழுவிலேயே ஒருவரைக் குறித்துவையுங்கள். யாரும் இல்லை என்றால், மன்னிப்புச் சொல்லி மாணவரே மூடிவிடட்டும்.

எங்கள் நூலகத்துக்கு ஒரு குழு வரலாம். நாங்கள் மூன்று பேரும் பேசிவிட்டோம், சம்மதம். ஒன்றே ஒன்று.

செந்தூல்_அக்கா (கோலாலம்பூர்)

மேடம், பெயர் விஷயத்தையும் கவனியுங்கள். கமிட்டில் போடும் பெயரும் மின்னஞ்சலும் என்றைக்கும் அழியாமல் பொதுவில் இருக்கும். சொந்த மின்னஞ்சல் வெளியே தெரிய வேண்டாம் என்றால் நிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அதை மறைக்கும் அமைப்பு இருக்கிறது. பொதுவில் எழுத விரும்பாத மாணவருக்கு வகுப்பு ஃபோர்க்குக்குள்ளேயே முடித்துக்கொள்ள வழி இருக்க வேண்டும், காரணம் கேட்காமல். சில பெண் பிள்ளைகளுக்கு அது முக்கியம்.

மாலை_வகுப்பு (கோலாலம்பூர்)

இரண்டையும் சேர்த்துவிட்டேன். இரவுக்_கமிட் தம்பிக்குத் தனி மடல் அனுப்புகிறேன், மிக்க நன்றி.

நேற்று ஆய்வகத்தில் முயன்று பார்த்ததில் ஒரு தடை. கல்லூரி வலையமைப்பில் எஸ்எஸ்எச் அடைபட்டிருக்கிறது, மாற்றங்களைக் கிட்ஹப்புக்கு அனுப்ப, அதாவது புஷ் செய்ய, முடியவில்லை. கடவுச்சொல் கொடுத்தாலும் ஏற்கவில்லை. ஐ.டி. பிரிவிடம் கேட்டால் பாதுகாப்பு விதி என்கிறார்கள். வகுப்புக்கு முன் இது தீர வேண்டும்.

இறுதியாண்டு_குளுகோர் (பினாங்கு)

மேடம், கிட்ஹப் 2021 ஆகஸ்டிலிருந்து கிட் வேலைகளுக்குக் கணக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, அதற்குப் பதில் டோக்கன் என்ற தனிச் சாவி எடுக்க வேண்டும். எச்டிடிபிஎஸ் முகவரியில் குளோன் (பிரதி) செய்து, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் டோக்கனை ஒட்டினால் போதும். எஸ்எஸ்எச்தான் வேண்டும் என்றால் வழக்கமான 22க்குப் பதில் 443ஆம் போர்ட் வழியாகவும் கிட்ஹப் ஏற்கும், எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் நான்கு வரி. ஆய்வகக் கணினி பொதுவானது என்பதால் டோக்கனை அதில் சேமிக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள், காலாவதித் தேதியையும் செமஸ்டர் முடியும் நாளுக்கு வைக்கச் சொல்லுங்கள்.

மாலை_வகுப்பு (கோலாலம்பூர்)

எச்டிடிபிஎஸ், டோக்கன் வழியில் இப்போது புஷ் ஆகிறது தம்பி. நன்றி. இதையே முதல் வார ஆய்வகக் குறிப்பில் எழுதிவிடுகிறேன்.